மகமைப் பணமும் சொந்தக் காலும்



தொழில் முனைப்பு, தளராத மனம், தெய்வ நம்பிக்கை, நீடித்த உறவு ஆகிய நான்கின் துணையால் ஒருவர் பணத்துக்குப் பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வது எப்படி என்று இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லும் கூட்டங்கள் நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கின்றன. கோட்டுப் போட்ட ஒருவர் மேடையேறுவார், பாட்டு அதிரும், போன வருடம் சைக்கிளில் வந்தவர் இந்த வருடம் காரில் வந்த கதை சொல்லப்படும். கடைசியில் கையில் ஒரு தாளைக் கொடுத்து, உங்கள் சொந்தபந்தம், சிநேகிதர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் பெயரையெல்லாம் எழுதுங்கள் என்பார்கள். அந்தத் தாள்தான் அவர்களுடைய முதலீடு. ஆள் சேர்த்து ஆள் பணத்தில் ஆள் வாழும் திட்டங்களை 1978-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்தது. நேரடி விற்பனைக்கான 2021-ஆம் ஆண்டு விதிகளும் பிரமிடு திட்டங்களைத் தடுக்கின்றன. கூட்டம் மட்டும் குறைந்தபாடில்லை. அதில் பணம் இழந்தவரைவிட, மைத்துனரையும் பக்கத்து வீட்டாரையும் இழந்தவர்களே அதிகம் வருந்துவதைப் பார்க்கிறேன்.

அந்தத் தாளுக்கு நேர் எதிரான ஒரு கணக்குப் புத்தகம் நம் தென்மாவட்டங்களில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. மகமைக் கணக்கு என்பார்கள். இன்று அதைப் பற்றியே பேசப்போகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிப் பனங்காட்டுப் பகுதியிலிருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே, அன்றைய ராமநாதபுரம் சீமைக்குள் வந்தார்கள். பாளையக்காரர் சண்டைகள் ஓய்ந்து பாதைகள் திறந்த காலம். ஆனாலும் வழியில் கள்ளர் பயம், ஊருக்குள் சாதிப் பகை. மாட்டை எங்கே கட்டுவது, சரக்கை எங்கே இறக்குவது, இரவில் எங்கே படுப்பது என்பவைதான் முதல் கேள்விகள். அதற்காக உண்டானது பேட்டை. சுற்றுச்சுவர், உள்ளே கிணறு, வண்டிகள் நிற்க இடம், சரக்கு வைக்கக் கிட்டங்கி. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர்களில் இந்தப் பேட்டைகளைச் சுற்றி ஒரு வணிகச் சமூகம் வளர்ந்தது. விருதுபட்டிதான் இன்றைய விருதுநகர்.

பேட்டையைக் கட்டிக் காக்கப் பணம் வேண்டும். அதற்குக் கண்ட வழிதான் மகமை. வாங்கும் மூட்டைக்கும் விற்கும் மூட்டைக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொதுக்கணக்குக்குப் போகும். இதில் நான் வியக்கும் இடம் ஒன்று உண்டு. மகமை லாபத்தின்மேல் விழுவதில்லை, நடந்த வியாபாரத்தின்மேல் விழுகிறது. லாபத்தில் பங்கு என்றால் மனிதன் லாபத்தை ஒளிப்பான். ‘இந்த வருஷம் ஒன்றும் நிற்கவில்லை அண்ணாச்சி’ என்று கணக்கை மூடிவிடுவான். மூட்டையை ஒளிக்க முடியாது. அது பேட்டை வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். நல்ல வருடமோ கெட்ட வருடமோ, சரக்கு நகரும்வரை பொதுப்பணம் சேர்ந்துகொண்டே இருக்கும். தர்மம் செய்ய மனம் வரும்போது செய்வது வேறு. தராசைத் தூக்கும்போதே பொதுப்பங்கைப் பிரித்து வைப்பது வேறு. பின்னது செலவுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வண்டிக்கூலி போல அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

அந்தப் பணத்தை நிர்வகித்தது உறவின்முறை. மணமான ஆண் ஒவ்வொருவரும் அதில் தலைக்கட்டு. பொறுப்பு ஏற்பவர் முறைக்காரர். கோயில் பூசை, திருவிழா, கிணறு, மடம் எல்லாம் அதிலிருந்து நடந்தன. கையிருப்பை வட்டிக்கும் விட்டார்கள். கொடுக்கல் வாங்கல் தகராறு வந்தால் பிராது உறவின்முறைக்குத்தான் போகும். கடன் வாங்கியவன் கட்டாமல் ஊரில் இருக்க முடியாது. அவன் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டியதும், பொங்கலுக்கு அம்மன் கோயிலில் நிற்க வேண்டியதும் அதே ஆட்களோடுதான். உறவு என்று நாம் கனிவாகச் சொல்வதற்குள் இந்தக் கெடுபிடியும் இருந்தது. அது இல்லாமல் அந்தப் பணம் ஒரு தலைமுறைகூடத் தாங்கியிருக்காது.

ஆண்கள் பெயரே வரும் இந்தக் கதையில் பெண்கள் கை பட்ட இடம் ஒன்று உண்டு. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு, வீட்டுக்கு வீடு பிடி அரிசி ஒதுக்கினார்கள். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவது. அந்தப் பானைகள் ஒன்றுசேர்ந்து பிள்ளைகள் படித்தன. காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்தான். பிற்காலத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தவருக்கு, அரிசிக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பை யாரும் புதிதாக விளக்கியிருக்கத் தேவையில்லை.

இனி நம்பிக்கை. காசு வந்துவிட்டால் கௌரவம் தானாக வரும் என்று மேடைகளில் சொல்கிறார்கள். வரலாறு அதற்குச் சாட்சி சொல்லவில்லை. கையில் பணம் சேர்ந்த பிறகும் நாடார் வணிகர்கள் பெரிய கோயில்களுக்குள் நுழைய முடியவில்லை. 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்றதற்காக வழக்கு வந்தது. 1899-ல் சிவகாசி தாக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. கமுதி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908-ல் தோற்றது. யோசித்துப் பாருங்கள், மகமைப் பணத்தால் பள்ளி கட்டியவர்களால், கடல் தாண்டி வழக்கு நடத்த வசதி படைத்தவர்களால், ஒரு வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் திறந்துவிடப்பட்டபோதுதான் அந்தப் பூட்டு நிசமாகவே உடையத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் தங்கள் ஊர் மாரியம்மனையும் பத்திரகாளியையும் விடவில்லை. திருவிழாச் செலவு மகமைக் கணக்கில் முதல் வரியாக நின்றது. கோயிலில்தான் உறவின்முறை கூடியது, அங்கேதான் கணக்கு வாசிக்கப்பட்டது. அம்மன் முன்னால் பொய்க்கணக்கு வாசிக்க எவனுக்கும் நா எழாது. தணிக்கையாளர் என்ற ஆள் அந்த ஊர்களுக்கு வரும் முன்னரே அந்த வேலையை அம்மன் பார்த்துக்கொண்டாள் என்று சொன்னால் அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை.

அடுத்தது தளராத மனம். இதற்குச் சிவகாசியையே எடுத்துக்காட்டுவார்கள், நானும் எடுக்கிறேன். அய்யநாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மொழி தெரியாத ஊரில் தொழிலாளியாக நின்று கற்றார்கள். முதலில் இயந்திரத்தை நம்பித் தொடங்கி, அது ஒத்துவராமல் கைவேலைக்கு மாறினார்கள். பிறகு பிரிந்து தனித்தனியாக நடத்தி, அணில் மார்க்கும் காக்கா மார்க்கும் உருவாயின. பிரிந்த பிறகும் சிவகாசி ஒன்றாகவே வளர்ந்தது.

ஆனால் மனத் திடத்துக்கே முழு வெற்றியையும் எழுதிவைக்க எனக்கு மனமில்லை. அதே 1922-ல் அரசு இறக்குமதித் தீப்பெட்டிமேல் சுங்க வரியைக் கடுமையாக உயர்த்தியது. ஸ்வீடன்காரர்களின் விம்கோ நிறுவனமும் அந்த வரிச்சுவருக்கு உள்ளே இருந்து தயாரிக்கத்தான் இந்தியாவுக்கு வந்தது. பிற்பாடு கலால் வரியிலும் சிறு உற்பத்தியாளருக்குச் சலுகை இருந்தது. அதோடு, மழை பொய்க்கும் கரிசல் பூமி. குச்சியும் பெட்டியும் காய வெயில் உண்டு, விளைச்சல் இல்லாத வீடுகளில் வேலைக்கு ஆள் உண்டு. வரி, வெயில், வறட்சி மூன்றும் கைகொடுத்த இடத்தில் இரண்டு மனிதர்களின் துணிவு பலித்தது. துணிவு இல்லாமலும் நடந்திருக்காது. இளைஞர்கள் இரண்டையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், தோற்ற ஒவ்வொருவரையும் நம்பிக்கை போதாதவன் என்று குற்றம்சாட்டத் தோன்றும். கல்யாண மண்டபக் கூட்டங்களில் நடக்கும் கொடுமை அதுதான்.

பேட்டையில் தொடங்கிய பொதுப்பணம் தூத்துக்குடியில் வங்கியானது. 1910-ல் தொடங்கப்பட்ட நாடார் மகாஜன சங்கத்தில் பேச்சு எழுந்து, 1921 மே மாதம் நாடார் வங்கி பதிவாகி, அந்த நவம்பரில் கதவு திறந்தது. 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. 2022-ல் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. வெள்ளைக்கார வங்கிகளின் படிக்கட்டில் ஏற முடியாத கடைக்காரருக்கு ‘இன்னார் மகன், இன்ன ஊர், கணக்குச் சுத்தம்’ என்ற மூன்று தகவலே பிணையாக இருந்தது. இன்று அந்த வேலையை கடன் மதிப்பெண் என்று முந்நூறிலிருந்து தொள்ளாயிரம்வரை போகும் ஓர் எண் செய்கிறது. எண்ணுக்குச் சாதி தெரியாது, அது நல்லது. கடைக்காரர் ஏன் மூன்று மாதம் தவணை தவறினார் என்பதும் அதற்குத் தெரியாது.

சாதி என்றதும் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த அருமையான ஏற்பாட்டுக்குப் பிறப்பு என்ற வேலி இருந்தது. வேலிக்கு உள்ளே பிறந்தவனுக்குக் கடன், பள்ளி, பிணை எல்லாம் உண்டு. வெளியே பிறந்தவர் அதே ஊரில் அதே தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கிக் கூலி வாங்கினார். பெண்களும் சிறுபிள்ளைகளும் விடியுமுன் பஸ் ஏறிப் போனார்கள். அடுக்கிய கட்டைக்குக் கூலி, முன்பணம் வாங்கியிருந்தால் அதற்குக் கழிப்பு. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் அளவுக்கு அது நீண்டது. ஒருவருடைய சொந்தக் கால் இன்னொருவர் தோளில் ஊன்றியிருந்தது என்பதை மறைத்துவிட்டு இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்ல முடியாது. உறவின்முறையைப் புகழும் மலர்களில் இந்தப் பக்கம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.

வேலி இல்லாத மகமை நடக்குமா? நடந்தது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு தொடங்கிய மகளிர் குழுக்களில் பன்னிரண்டு முதல் இருபது பெண்கள்வரை சேர்ந்தார்கள். வாரச் சந்தா, தீர்மானப் புத்தகம், உள்கடன், ஊக்குநர், பிரதிநிதி. ஒரே தெருப் பெண்கள்தான், பல குழுக்களில் சாதியும் கலந்திருந்தது. பிடி அரிசிப் பானை இங்கே சேமிப்புப் புத்தகமானது. அந்தக் கடனில் ஆடு வாங்கியவர், இட்லிக் கடை போட்டவர், தையல் இயந்திரம் வாங்கியவர் ஏராளம். குழுவை வைத்து நுண்கடன் கம்பெனிகள் வீடு தேடி வந்து, ஒரு கடனை அடைக்க இன்னொன்று என்று சிக்கவைத்ததும் இதே தெருக்களில்தான். சேமிப்பு முன்னே போய்க் கடன் பின்னே வந்தவரை குழு நன்றாக நடந்தது. வரிசை மாறியபோது உறவு மிரட்டலானது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் உட்கார வேண்டும் என்பது கம்பெனியின் விதி. முறைக்காரரின் கெடுபிடியும் அப்படித்தானே என்று கேட்பீர்கள். அங்கே வசூலான பணம் ஊர்ப் பள்ளிக்குப் போனது. இங்கே அது வட்டியாக ஊரைவிட்டே போகிறது.

சீட்டிலும் உறவும் கணக்கும் சேர்ந்தே போக வேண்டும். ஏலச்சீட்டில் சேர்வதில் தவறில்லை. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டா, நடத்துபவர் கழிவு சட்டம் அனுமதிக்கும் ஏழு சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். தெரிந்த அக்கா நடத்துகிறார் என்பதற்காகக் கேட்காமல் விடாதீர்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் உறவு, பணம் போன அன்று எப்படியும் நிற்காது.

நிறைவாக, இந்த அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். மூலதனத்தைத் தொடாமல் வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடத்துகிறீர்கள். அந்த வட்டியில் பாதியை ஒதுக்கி, இந்த ஊர்க் கடைத்தெருவில் சொந்தக்காரர் எவரும் இல்லாத ஒருவருக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள். கணவனை இழந்து தள்ளுவண்டி போட நினைக்கும் பெண்ணாக இருக்கலாம், வடமாநிலத்திலிருந்து வந்து முடிதிருத்தும் கடை வைக்க விரும்பும் பையனாக இருக்கலாம். வணிகர் சங்கத்தில் இரண்டு பேர் பிணை நிற்கட்டும். அவர் நாள் விற்பனையில் ஒரு சிறு பங்கை, லாப நட்டம் பாராமல், இந்தக் கணக்கிலேயே கட்டி வரட்டும். கடன் தீர்ந்த பிறகும் அந்தப் பங்கு தொடரட்டும், அது அடுத்தவருக்கு. எனக்குக் கொடுக்கவிருக்கும் மதிப்பூதியத்தை அதன் முதல் வரவாக எழுதிக்கொள்ளுங்கள். கணக்கை அடுத்த ஆண்டு இதே மேடையில், சொற்பொழிவுக்கு முன்னால், எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள்.