உதவி கேட்பது இரத்தல் ஆகாது

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடைகளில் தமிழின் பெருமையைப் பேசுவோர் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ அரிசியும் உதவித் தொகையும் மனுவும் பற்றியது. வயிறு வாடும் வீட்டில் மொழி எங்ஙனம் செழிக்கும் என்று எண்ணியே இதனைத் தேர்ந்தோம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய தமிழர் எல்லோரும் மாதச் சம்பளக்காரர் அல்லர். பூக்கட்டி விற்போர், கட்டட வேலை செய்வோர், சமையலுக்குச் செல்வோர், நம் காலனி வீடுகளில் பாத்திரம் துலக்கும் தாய்மார்கள் ஆகிய இவர்களும் நம்மவரே. அரசாங்கச் சம்பளம் பெறும் நமக்கு ஏழையர்க்கான திட்டங்கள் உரியன அல்ல. ஆயினும் மனு எழுதத் தெரிந்தவர் நாம். மனுவுக்கு உரியவர் அவர்கள். இவ்விருவரும் ஒன்று கூடாமையே குறை.

“அரசாங்கத்திடம் கையேந்துவதா?” என்று அவர்களிற் பலர் தயங்குகின்றனர். வள்ளுவர் இரவச்சத்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அந்த மான உணர்ச்சி போற்றத்தக்கதே. ஆனால் இஃது இரத்தல் அன்று. முதுமை, நோய், ஊனம், வேலையின்மை ஆகிய காலங்களில் குடிமக்களுக்குத் தன் சக்திக்கு உட்பட்டு அரசு உதவ வேண்டுமென்று நம் அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவு கூறுகிறது. சோப்பு வாங்கினும் துணி வாங்கினும் வரி செலுத்துகின்ற ஏழை, தான் கொடுத்ததில் ஒரு பங்கையே திரும்பப் பெறுகிறார்.

இனி, கிடைப்பவை யாவை என்று பார்ப்போம். சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித் தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிற்று. இன்று ஆந்திரத்தில் என்.டி.ஆர். பரோசா திட்டத்தின்கீழ் 60 வயது நிறைந்த ஏழை முதியோர்க்கும் கைம்பெண்களுக்கும் மாதம் 4,000 ரூபாயும், உடற்குறை உற்றோர்க்கு 6,000 ரூபாயும் 2024 ஜூலை முதல் வழங்கப்படுகின்றன. முதல் தேதியை ஒட்டிச் சச்சிவாலய ஊழியர் வீட்டு வாசலுக்கே கொணர்ந்து தருகின்றனர். உடற்குறை உற்றோர் ‘சதரம்’ என்னும் மருத்துவச் சான்று பெற்றிருத்தல் வேண்டும்.

நோயுற்றோர்க்கு, 2007இல் ஆரோக்கியஸ்ரீ என்று தொடங்கி இப்போது என்.டி.ஆர். வைத்திய சேவை என வழங்கும் திட்டம் உண்டு. பசித்தோர்க்கு, 2024 ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்ட அண்ணா கேன்டீன்களில் 5 ரூபாய்க்கு ஒரு வேளை உணவு உண்டு.

ரேஷன் அரிசியில்தான் நம்மவர்க்குக் குழப்பம் மிகுதி. ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை’ ஏற்பாட்டில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஆகவே முன்னுரிமை அட்டையோ அந்தியோதயா அட்டையோ உடையவர், தமிழ்நாட்டு அட்டையைக் கொண்டே இங்கும் விரல் ரேகை வைத்து அரிசி பெறலாம். ஆனால் உதவித் தொகைக்கு அது போதாது. அதற்கு இம்மாநிலத்தவராக இருத்தல் வேண்டும். இரு மாநிலங்களிலும் அட்டை வைத்திருப்பதோ சட்டத்துக்குப் புறம்பு. இங்கேயே நிலைத்துவிட்டோர் அங்குள்ள அட்டையை ஒப்படைத்துவிட்டு இங்கு அட்டை பெறுவதே நன்று.

நம்மவர் மனு நின்றுபோவது பெரும்பாலும் பெயரினால்தான். தெலுங்கர்க்கு ‘இண்டி பேரு’ என்னும் குடும்பப் பெயர் உண்டு. நமக்கோ தலைப்பெழுத்து மட்டுமே. ஒரு பெண்ணுக்குப் பள்ளிச் சான்றில் தகப்பனார் பெயரின் எழுத்து, ஆதாரில் கணவர் பெயரின் எழுத்து, கணவரின் இறப்புச் சான்றில் எழுத்தே இல்லை. மூன்று தாள்களில் அவர் மூன்று பெண்கள் ஆகிவிடுகிறார்! பசி ஒருவருக்கு; சான்றுகள் மூவருக்கு! முதலில் ஆதாரைத் திருத்தி, அதன்பின் மனுச் செய்க. மனுவுக்கு எண்ணிட்ட ரசீதை வாங்காமல் திரும்பற்க. காலம் தாழ்ந்தால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த ரசீதைக் காட்டுக. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆனபின், திருப்பதியார் இதற்காகச் சித்தூர் வரை செல்ல வேண்டியதில்லை.

அன்பர்களே! நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் காலை இரண்டு மணி நேரம் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போடுவோம். தெலுங்கு எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் மனு எழுதட்டும். நாம் தாள்களைச் சரிபார்ப்போம். தாய்மார்கள் தத்தம் வீட்டில் வேலை செய்யும் அம்மையாரிடம், “உங்களுக்குப் பென்ஷன் வருகிறதா, அம்மா?” என்று ஒரு சொல் கேட்கட்டும். அடுத்த ஆண்டு விழாவில் செயலாளர் அறிக்கை படிக்கும்போது, நடந்த கலை நிகழ்ச்சிகளோடு, பலன் பெற்ற மனுக்களின் எண்ணிக்கையும் அதில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.