அலையாத்திக் காடும் அதன் காவலரும்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரத்தைக் காண விரும்புவோர், நகருக்குக் கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழிக்குச் செல்லுதல் வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில், தில்லையும் சுரபுன்னையும் வெண்கண்டலும் அங்கே வளர்ந்துள்ளன.

அக்காட்டின் ஒரு பகுதி நெடுங்காலம் பொட்டலாகக் கிடந்தது. அருகில் வாழும் ஏழைகளின் கோடரியும் அவர்தம் மாடுகளுமே காரணம் என்று பழி கூறப்பட்டது. ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது. ஆங்கிலேயர் காலம் தொட்டுக் காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் அடியோடு வெட்டி விற்கும் வழக்கம் இருந்தது. நிழல் இழந்த களிமண் காய்ந்து, அமிழ்ந்து, தட்டுப் போலக் குழிந்தது. கடற்பெருக்கில் புகுந்த நீர் திரும்ப வழியின்றித் தேங்கி வற்றியது, உப்பு ஏறியது. அந்த உப்பில் எவ்விதையும் பிழைக்கவில்லை. அரசே வகுத்த முறையின் பிழையை எளியோர் தலையில் ஏற்றியது எத்துணை அநீதி!

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் கூடி அதற்கு மருந்து கண்டனர். மீன்முள் வடிவில் நடுவே ஒரு பெருங்கால்வாயும் இருமருங்கும் கிளைகளும் வெட்டப்பட்டன. பெருக்கும் வற்றமும் நாள்தோறும் உள்ளே சென்று மீள, உப்பு கழுவப்பட்டது. கரையோரங்களில் வெண்கண்டல் நடப்பட்டது. ஊரார் குழு அமைத்துக் காவலையும் ஏற்றனர்.

அவருள் இருளர் சிறப்பாக நினைக்கத் தக்கவர். கழுத்தளவு நீரில் இறங்கி, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய ஓலைப்பறியில் இடுவது அவர் தொழில். கொல்லாமை பேணும் இவ்வவைக்கு இச்செய்தி நெருடலாம். எனினும் காடு அழிந்தால் இறால் அழியும், இறால் அழிந்தால் தம் அடுப்பு அணையும் என்பதை அவர் அறிவர். வேருக்கும் உலைக்கும் உள்ள இத்தொடர்பு தெரியாதவர் எத்தனை வேலி இட்டும் பயனில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தது. காட்டின் பின்னிருந்த சிற்றூர்கள், கடலை நேரே நோக்கிய ஊர்களைவிடக் குறைந்த இழப்பையே கண்டன. தொலைவும் மேட்டு நிலமுமே காரணம் என்பாரும் உளர். காடு காத்தது என்பதே அங்குள்ளோர் கூற்று.

கால்வாய்களில் சேறு படிவது நிற்பதில்லை. தூர் அகற்றாவிடின் நீர் மீண்டும் தேங்கும், பொட்டல் மீண்டும் பரவும். அச்சேற்றில் மண்வெட்டியோடு இறங்குவோர், அன்று காட்டை அழித்தவர் எனப் பழிக்கப்பட்ட ஊரினரே.