மட்டைக் காய்களால் ஒரு படையெடுப்பு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளைக் காரியதரிசி அவர்களிடம் நான் கூறியபோது அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். "யுத்த விளையாட்டா? எங்கள் மண்டபத்திலா?" என்று பின்பு கேட்டார். அவர் கேட்டது நியாயமே. 2009ஆம் ஆண்டு வரை உண்மையான யுத்தத்துள் வாழ்ந்த பெரியோர் பலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். அந்த ஆண்டில் நான் ஒரு சிறு பிள்ளை. ஷெல் சத்தத்தை இன்னும் மறவாதவர்களின் முன்னிலையில், யுத்தத்தை மேசைமேல் விரித்து விளையாடிய கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்த விளையாட்டை நான் விட்டுவிடவில்லை. காரியதரிசி அவர்களின் கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் எனக்கு மனமில்லை. ஆகவே இரண்டையும் சபையின் முன் வைக்கிறேன்.

முதலில், விளையாட்டு இன்னதென்று சொல்லிவிடுகிறேன். கனடாவில் வாழும் என் மாமா சென்ற ஆண்டு ஊருக்கு வந்தபோது, அங்கே பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய பெட்டி ஒன்றை எனக்குக் கொண்டுவந்து தந்தார். மிஷன் பாடசாலையில் படித்த காலத்திலே நான் சதுரங்கப் பைத்தியம். அதனால் இதுவும் பிடிக்கும் என்று எண்ணினார் போலும். அமெரிக்காவிலே பால்ட்டிமோர் நகரில் சாள்ஸ் ரொபேட்ஸ் என்பவர் நிறுவிய அவலோன் ஹில் கம்பனி 1961இல் வெளியிட்ட "டி-டே" என்னும் ஆட்டம் அது. 1944 யூன் 6ஆந் திகதி நேசப்படைகள் இங்கிலாந்திலிருந்து கடல்தாண்டிப் பிரான்சிலே தரையிறங்கியதும், பின்பு ஜேர்மனியை நோக்கி நடந்ததுமாகிய போரே அதன் பொருள்.

பெட்டியைத் திறந்தால் ஒல்லாந்து முதல் மத்தியதரைக் கடல் வரை நீளும் தேசப்படம் ஒன்று, அதன்மேல் தேன்கூடுபோல அறுகோணக் கட்டங்கள், விரல்நகமளவு மட்டைக் காய்கள், ஒரு தாயக்கட்டை. காய் ஒவ்வொன்றும் ஒரு படைப்பிரிவு. அடிக்கும் வலு, தாங்கும் வலு, நடக்கும் தூரம் ஆகியவற்றுக்குரிய எண்கள் அதில் அச்சிடப்பட்டுள்ளன. ஒரு முறை ஆடுவது ஒரு கிழமைப் போருக்குச் சமானம். சதுரங்கப் பலகையிலே மூலைவழியாகப் போகிறவன் நேர்வழியாகப் போகிறவனைவிட அதிக தூரம் போய்விடுகிறான். அறுகோணத்திலே ஆறு பக்கமும் தூரம் ஒன்றே. மிகச் சிறிய யுக்திதான், ஆயினும் இதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று.

இது வெறும் பிள்ளை விளையாட்டு என்று ஒருவரும் எண்ணவேண்டாம். பிரஷ்ய தேசத்திலே ரைஸ்விட்ஸ் என்னும் இளம் அதிகாரி 1824இல் இப்படியொரு ஆட்டத்தைச் செய்துகாட்ட, அந்நாட்டுச் சேனை அதைத் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. 1940இல் ஹிட்லர் எண்ணிக் கைவிட்ட இங்கிலாந்துப் படையெடுப்பை 1974இல் பிரித்தானியாவின் சான்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் ஆடிப்பார்த்தார்கள். அந்த யுத்தத்திலே எதிரெதிர் நின்று போரிட்டவர்கள் மத்தியஸ்தராக ஒரே அறையில் அமர்ந்தனர். ஜேர்மனியரில் விமானப்படையின் கலண்டும் கடற்படையின் றூகேயும் இருந்தனர். ஜேர்மனியர் கரையேறினார்கள், ஆனால் பிரித்தானியக் கடற்படை இடையிலே புகுந்து, பின்னே வரவேண்டிய உணவையும் வெடிமருந்தையும் மறித்துவிட்டது. இறங்கிய சேனை அழிந்தது.

இனி எங்கள் போருக்கு வருகிறேன். விடுதி அறையில், மூன்று சனி ஞாயிறுகளில் இது நடந்தது. மின்விசிறியைப் போட்டால் ஜேர்மன் சேனை பறந்துவிடும். ஆதலால் வியர்க்க வியர்க்க ஆடினோம். முதல் ஆட்டத்தில் என் அறைத்தோழர் ஜேர்மனியர், நான் நேசப்படை.

ஜேர்மனியர் முதலில் தம் காய்களையெல்லாம் பரப்பி வைத்துவிட வேண்டும். நேசப்படைக்காரன் அவற்றைப் பார்த்த பின்பே எங்கே இறங்குவதென்று தீர்மானிக்கிறான். இறங்கத்தக்க பகுதிகள் ஏழு: வட கடற்கரை, கலே, லே ஹாவர், நோர்மண்டி, பிரிட்டனி, பிஸ்கே விரிகுடா, தென்பிரான்சு. ஜேர்மனிக்குக் கிட்டிய கரையிலே காவல் அதிகம். காவல் குறைந்த கரையோ ஜேர்மனிக்கு வெகுதூரம். ஏழையும் காக்கப் போதிய காய் ஜேர்மனியரிடம் இல்லை.

நான் கலேயைத் தெரிந்தேன். இங்கிலாந்துக்கும் அதற்கும் இடையே 33 கிலோமீற்றர் கடல்தான். அங்கிருந்து ஜேர்மனிக்கும் நல்ல வழி. இந்த ஞானம் என் தோழருக்கும் உண்டென்பதை நான் யோசிக்கவில்லை. கரையோரக் கோட்டைகளில் அவர் தம் சிறந்த காய்களை நிரப்பியிருந்தார். மற்றைய இடங்களிலே தோற்ற காய் பின்வாங்கிப் பிழைக்கலாம். கரையிலே தோற்றவனுக்குப் பின்னால் இருப்பது கடல். முதல் அலையாய் இறங்கிய என் காய்கள் இரண்டு கிழமைக்குள் பெட்டிக்குத் திரும்பிவிட்டன.

உண்மையில் நேசப்படையினர் இந்தப் பாடத்தை முன்னரே விலைகொடுத்துப் படித்திருந்தார்கள். 1942 ஓகஸ்ட் 19ஆந் திகதி டியெப் என்னும் துறைமுகத்தின்மேல் சுமார் 6,000 பேரை நேரே இறக்கினார்கள். அவர்களுள் ஏறக்குறைய 5,000 பேர் கனடியர். 907 கனடியர் உயிரிழந்தனர். காவலுள்ள துறைமுகத்தை நேரே தாக்கிப் பிடிக்க முடியாதென்பது அன்று தெளிவாயிற்று. அப்படியானால் துறைமுகமில்லாத வெறுங்கரையிலே இறங்கவேண்டும். இறங்கிய சேனைக்கு நாள்தோறும் சோறும் குண்டும் பெற்றோலும் எவ்வழியாக வரும்? இக்கேள்விதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்பேன். சண்டையைப் பற்றிய விதிகளை ஒரு மாலையில் படித்துவிடலாம். துறைமுகங்களைப் பற்றிய பக்கத்தையோ நான் மனப்பாடம் செய்தேன்.

இரண்டாம் ஆட்டத்தில் நோர்மண்டியில் இறங்கினேன். காவல் குறைவு, இலகுவாய் ஏறினேன். ஆனால் கரைவழியாக இத்தனை பிரிவுகளுக்கே வழங்கல் வரும் என்று விதி கட்டிப்போட்டுவிட்டது. இங்கிலாந்திலே மேலும் காய்கள் குவிந்து கிடக்கின்றன. கொண்டுவந்தால் ஊட்ட வழியில்லை. 1944இல் நேசப்படையினர் இதற்காகவே செயற்கைத் துறைமுகங்கள் இரண்டைத் துண்டு துண்டாக இழுத்துக்கொண்டு கடல் கடந்தார்கள். யூன் 19ஆந் திகதி எழுந்த புயல் அமெரிக்கருடையதை உடைத்தெறிந்தது. அம்மாத இறுதியில் ஷேர்பூர் துறைமுகத்தைப் பிடித்தபோது, ஜேர்மனியர் அதைத் தகர்த்துவிட்டே பணிந்தார்கள். அன்ட்வேப் துறைமுகம் செப்டெம்பர் 4ஆந் திகதி பழுதில்லாமல் கைக்கு வந்தது. ஆனால் கடலுக்குப் போகும் வழி எதிரியிடம் இருந்தமையால் முதற் கப்பல் வரிசை நவம்பர் 28ஆந் திகதியே உள்ளே வந்தது. இவற்றையெல்லாம் முன்பு புத்தகத்திலே படித்து மறந்திருக்கிறேன். என் சொந்தக் காய்கள் பட்டினி கிடந்தபோதுதான் மனதில் பதிந்தது. ஒரு துறைமுகத்துக்காகத் தவித்து, ஈற்றில் லே ஹாவரை ஒரே தாயத்தில் பிடித்தேன். மேசையில் தட்டி நான் போட்ட சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப்பார்த்தார். லே ஹாவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆட்டத்தில் நான் ஜேர்மனியர். தாங்கிப்படைகளைக் கரையோரமாக வைப்பதா, உள்ளே ஓரிடத்தில் சேர்த்து வைப்பதா? றொம்மெல் கரையிலே வை என்றார். இறங்கும் நாளிலேயே அடிக்காவிட்டால் பின்பு விமானங்கள் நகரவிடா என்பது அவர் கருத்து. முதிய தளபதி றுண்ட்ஸ்டெட் உள்ளே வை என்றார். ஹிட்லர் இருவருக்கும் நடுவே பங்கிட்டு, சேமப்படையைத் தம் அனுமதியின்றி நகர்த்தலாகாது என்றும் வைத்துவிட்டார். யூன் 6ஆந் திகதி அந்த அனுமதி பிற்பகலிலேதான் கிடைத்தது. நானும் ஹிட்லரைப் போலவே பங்கிட்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். என் தோழர் தென்பிரான்சில் இறங்கினார். அங்கே நான் வைத்திருந்தவை இரண்டு காய்கள்.

அந்த ஆட்டத்தில் ஒரு தகராறும் நடந்தது. தாயக்கட்டை மேசையிலிருந்து உருண்டு கட்டிலின் கீழே போய்விட்டது. எனக்கு நல்ல எண் விழுந்திருந்தது. தோழரோ மறுபடி போடவேண்டும் என்றார். தாயம் என்றவுடன் சகுனியை நினைக்கிற சபை இது. ஆகவே முடிவைச் சொல்லாமல் விடுகிறேன். ஆனால் இதைவிடப் பெரியதொரு தாயத் தகராறு உண்டு. 1942 மே மாதத்தில் ஜப்பானியக் கடற்படையினர் யமாட்டோ என்னும் போர்க்கப்பலில் கூடி, தாம் செய்யவிருந்த மிட்வே படையெடுப்பை ஆடிப்பார்த்தனர். மத்தியஸ்தர் போட்ட தாயத்தின்படி ஒன்பது குண்டுகள் பட்டு, அக்காகி, காகா என்ற இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கவேண்டும். தலைமை வகித்த உகாக்கி என்னும் அட்மிரல், ஒன்பது என்பது அதிகம், மூன்று என்று வைத்துக்கொள்வோம் என்றார், அக்காகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் பின்னர் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டது. யூன் 4ஆந் திகதி உண்மைப் போரிலே அவ்விரண்டும், சொர்யூ, ஹிர்யூ என்பனவும் அழிந்தன. அக்காகியும் சொர்யூவும் ஹிர்யூவும் நமக்கு அந்நியமானவையல்ல. அதே ஆண்டு ஏப்ரில் 5ஆந் திகதி கொழும்பிலும் 9ஆந் திகதி திருகோணமலையிலும் குண்டு போட வந்த கப்பல்களுள் அவை மூன்றும் இருந்தன.

ஆட்டத்திலே ஒரு பெரிய பொய்யும் உண்டு. மேசையின் இருபுறமும் இருப்பவர்களுக்கு எல்லாக் காய்களும் தெரிகின்றன. உண்மையில் ஜேர்மனியருக்கு எதிரியின் காய்கள் தெரியா. தெரிந்தவற்றிலும் பல இல்லாதவை. கலேக்கு எதிரே, பற்றன் தலைமையில் ஒரு பெருஞ்சேனை இருப்பதுபோல நேசப்படையினர் பாவனை செய்தனர். நோர்மண்டியில் சண்டை தொடங்கிப் பல கிழமைகளாகியும், ஜேர்மனியரின் பதினைந்தாம் சேனையின் பெரும்பகுதி அந்த இல்லாத சேனைக்காகக் கலேயிலே காத்திருந்தது. யூன் 6ஆந் திகதி றொம்மெல் மனைவியின் பிறந்தநாளுக்கென்று வீட்டிலிருந்தார். நோர்மண்டியின் தளபதிகள் பலர் றென் நகருக்குப் புறப்பட்டிருந்தனர். எதற்கென்று நினைக்கிறீர்கள்? நோர்மண்டியிலே எதிரி இறங்கினால் என்ன செய்வது என்று தேசப்படத்தின்மேல் ஆடிப்பார்ப்பதற்கு. அவர்களுள் ஒருவரான ஃபலே, செய்தி அறிந்து திரும்பி வரும் வழியில் கொல்லப்பட்டார்.

இனி நான் முன்பு சொன்ன கேள்விக்கு வருகிறேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது பெட்டியையும் கொண்டுவந்தேன். விறாந்தையில் படத்தை விரித்து, லே ஹாவரைப் பிடித்த அந்த ஆட்டத்தைத் தனியே மறுபடி ஆடிக்கொண்டிருந்தேன். தேநீர் கொண்டுவந்த அம்மா சிறிது நேரம் நின்று பார்த்தார். "தம்பி, உந்தக் கரையிலை இருந்த சனத்துக்கு எந்த மட்டை?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டினேன், இல்லையென்று தெரிந்துகொண்டே. "அம்மம்மா எழும்பமுன்னம் எடுத்து வை" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அம்மம்மா எத்தனை முறை இடம்பெயர்ந்தவர் என்பதை இந்த ஊருக்குச் சொல்லத் தேவையில்லை.

அதன் பின்புதான் லே ஹாவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1944 செப்டெம்பர் தொடக்கத்தில் பிரித்தானியர் அந்நகரைச் சூழ்ந்துகொண்டனர். குடிமக்களை வெளியேற விடும்படி ஜேர்மன் தளபதி வில்டர்மூத் கேட்டார். பிரித்தானியர் மறுத்துவிட்டனர். 5ஆந் திகதி முதல் விமானங்கள் வந்து நகரத்தின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கின. 12ஆந் திகதி நகரம் பணிந்தது. சுமார் 2,000 குடிமக்கள் இறந்தார்கள். விடுவிக்க வந்தவர்களின் குண்டினால் இறந்தார்கள். நோர்மண்டி முழுவதிலும் அந்தக் கோடையிலே இறந்த குடிமக்கள் ஏறக்குறைய 20,000 பேர் என்று சரித்திரகாரர் கணக்கிடுகின்றனர். இவ்வளவுக்கும், லே ஹாவர் துறைமுகம் சிதைந்து கிடந்தமையால் ஒக்டோபரிலேதான் கப்பல்களுக்குத் திறந்தது.

சபையோரே, அந்த மறுப்பை வாசித்தபோது எனக்கு முதலில் கோபம் வரவில்லை. அது ஏனென்று உடனே விளங்கிற்று. சனங்கள் வெளியேற நாட்கள் பிடிக்கும். நாட்கள் போனால் துறைமுகம் பிந்தும். துறைமுகம் பிந்தினால் சேனை நின்றுவிடும். துறைமுகப் பக்கத்தை மனப்பாடம் செய்தவன் அல்லவா? அந்த இடத்தில் இருந்தால் நானும் மறுத்திருப்பேன். இவ்வளவு இலகுவாக விளங்கிவிட்டதே என்பதுதான் எனக்குப் பயமாயிருந்தது. புத்தகங்களிலே தளபதிகளைக் குறை சொல்லி எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அவர்களுடைய கதிரையில் என்னை இருத்திக் காட்டியது இந்த மட்டைப் பெட்டிதான். ஆகவே பெட்டியை எறியவேண்டும் என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. அம்மாவின் கேள்விக்கும் என்னிடம் இன்னும் பதில் இல்லை.

விடுதிக்குத் திரும்பியதும் தோழரும் நானும் ஒரு காரியம் செய்தோம். பெட்டியில் மிஞ்சிக் கிடந்த வெறுங்காய்களை எடுத்து, துறைமுகப் பட்டினங்களின் கட்டங்களில் வைத்தோம். அவற்றுக்கு எண் இல்லை. அடிக்கவோ நடக்கவோ மாட்டா. அந்தக் கட்டத்தைத் தாக்குகிறவன் முதலில் தன் கையால் அவற்றை எடுத்து மேசையோரத்தில் வைக்கவேண்டும். வெற்றி தோல்விக் கணக்கில் அவற்றால் ஒரு மாற்றமுமில்லை. ஆனால் லே ஹாவருக்கு வந்தபோது என் தோழர் ஒரு கிழமை தாமதித்தார். அந்த ஒரு கிழமையால் ஆட்டத்தைத் தோற்றார். ஏன் தாமதித்தீர் என்று கேட்டேன். கணக்குப் பிழைத்துவிட்டது என்றார். அவர் கணக்கிலே பிழைவிடுகிறவர் அல்லர்.

பெட்டியை இன்று கொண்டுவந்திருக்கிறேன். தேநீருக்குப் பின் பின்புற மேசையில் விரிக்கப்படும். இருவர் ஆடலாம், மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கலாம். மின்விசிறியை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.