தராசு யார் கையில்?

(போடிநாயக்கனூரில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிரெஞ்சு தேசத்து ஒயினைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் நம் தோழர்களில் சிலருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏலக்காய்க் கூலியைப் பேச வேண்டிய இடத்தில் சாராயக் கதை எதற்கு என்று கேட்டார்கள். கேட்டது நியாயம். குடி எத்தனை குடும்பங்களைக் குலைத்திருக்கிறது என்பதை இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. யாரையும் குடிக்கச் சொல்ல நாம் வரவில்லை. அந்த ஒயினுக்குத் திராட்சை விளைவிக்கிறவன், விலை சொல்லும் உரிமையை எப்படித் தன் கைக்குக் கொண்டுவந்தான் என்பதே நமக்கு வேண்டிய சங்கதி.

முதலில் நம் ஊர்ப் பழத்தைப் பார்ப்போம். நம் பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். இன்று தமிழ்நாட்டில் விளையும் பன்னீர் திராட்சையில் 100-க்கு 85 பங்கு கம்பம் பள்ளத்தாக்கில்தான் விளைகிறது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயர் கிடைத்தது, சரி. விலை கிடைத்ததா? பழுத்த குலை கொடியில் காத்திருக்காது. ஒரு மழை விழுந்தால் பழம் வெடிக்கும், அழுகும். வியாபாரி தோட்டத்து வாசலில் நின்று ஒரு விலை சொல்கிறார். வேண்டாம் என்று சொல்ல விவசாயிக்கு இரண்டு நாள் அவகாசம்கூட இல்லை.

மலைமேலும் இதே கதைதான். பறித்த பச்சை ஏலக்காயைத் தாமதிக்காமல் ஸ்டோரில் போட்டு உலர்த்தியாக வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ சரக்கு. சொந்தமாக ஸ்டோர் இல்லாத சிறு விவசாயி, ஸ்டோர் வைத்திருப்பவரிடம் போய் நிற்கிறார். உலர்த்தும் கூலியும் அவர் சொன்னது, எடையும் அவர் சொன்னது. காத்திருக்க முடியாதவன் கொடுத்த விலையை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பிரான்சிலும் இதே நிலைமைதான் இருந்தது. பாரிசுக்குத் தென்கிழக்கே ஷாப்ளி என்று ஒரு சிற்றூர். சுண்ணாம்பு மண். அந்த மண்ணில் பழங்காலக் கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. அங்கே விளைகிற சார்டொனே என்னும் வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து, சாற்றைத் தொட்டியில் விட்டால் நொதித்துச் சர்க்கரையெல்லாம் சாராயமாக மாறுகிறது. இனிப்பே மிஞ்சாத அந்த ஒயினைப் பிரெஞ்சுக்காரர் 'காய்ந்த ஒயின்' என்கிறார்கள். பெயர்பெற்ற சரக்கு. ஆனால் விளைவித்தவன் நிலைமை என்ன? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேரைத் தின்னும் பூச்சி வந்து தோட்டங்களை அழித்தது. சித்திரை மாதத்தில் துளிர்விடும் நேரம் பார்த்து உறைபனி விழும். துளிரைக் காப்பாற்ற இரவெல்லாம் கொடிகளுக்கிடையே நெருப்பு மூட்டிக் காவல் கிடப்பார்கள். தப்பிப் பிழைத்த விளைச்சலையும் தொட்டியும் கிடங்கும் இல்லாதவன் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருந்தது.

1923-ல் அந்த விவசாயிகள் 'லா ஷாப்ளிசியேன்' என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொட்டிகள் பொது. கிடங்கு பொது. விற்பனையும் பொது. கொண்டுவருகிற சரக்கின் அளவையும் தரத்தையும் பார்த்துக் கணக்கு எழுதினார்கள். கிடங்கு வந்ததும் என்ன ஆயிற்று? திராட்சைக்குக் காத்திருக்க முடியாது; ஒயினுக்குக் காத்திருக்க முடியும். விலை சரியில்லையா, இருக்கட்டும் என்று சொல்லும் தைரியம் விவசாயிக்கு வந்தது. இன்று ஏறத்தாழ 300 விவசாயக் குடும்பங்கள் அதில் இருக்கின்றன. ஷாப்ளி ஒயினில் நாலில் ஒரு பங்கு அந்தச் சங்கத்தின் வழியாகப் போகிறது.

இதற்கும் முன்பே தெற்குப் பிரான்சில் மரோசான் என்ற கிராமம் வழிகாட்டியது. 1901-ல் அங்கே துண்டு நிலம் வைத்திருந்தவர்கள் ஒரு சங்கம் கட்டினார்கள். அவர்களில் பலர் பிறர் தோட்டத்தில் கூலிக்கும் போனவர்கள். அவர்கள் தங்கள் ஒயினை யாருக்கு விற்றார்கள் தெரியுமா? பாரிஸ் தொழிலாளர்கள் நடத்திய கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு நேராக அனுப்பினார்கள். நடுவில் தரகு இல்லை. 1905-ல் சோஷலிஸ்டுத் தலைவர் ழான் ழோரஸ் அந்தக் கிராமத்துக்கே போய்ப் பார்த்துப் பாராட்டினார். ஆலைத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உழவன் கட்டிய கிடங்குக்கு உயிர் கொடுத்தது நகரத்துத் தொழிலாளியின் கடை.

பிரான்ஸ் தூரம் என்றால் நீலகிரி பக்கம்தானே! 1962-ல் குந்தாவில் சிறு தேயிலை விவசாயிகளுக்கென்று கூட்டுறவுத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் இப்படிப்பட்ட தொழிற்சாலைகளுக்கெல்லாம் 'இன்ட்கோசர்வ்' என்ற இணையம் ஏற்பட்டது. இன்றும் பல்லாயிரம் சிறு விவசாயிகள் அங்கே பச்சை இலை போடுகிறார்கள். ஆனாலும் இலைக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்று அவர்கள் போராட வேண்டியிருக்கிறது. தொழிற்சாலைக் கட்டடம் எழுந்தால் வேலை முடிந்துவிடாது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து கேள்வி கேட்கிற உறுப்பினர் இல்லாவிட்டால் கூட்டுறவும் இன்னொரு கங்காணியாகிவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறோம். நிலம் உள்ளவன் சங்கம் கட்டுகிறான், சரி. நிலமே இல்லாத நமக்கு அதில் என்ன பங்கு?

2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-ல் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 7,000 விற்ற நாளில் காய் எடுத்த பெண்ணின் கூலி அதே வேகத்தில் ஏறியதா? போடிக் கிடங்குகளில் குனிந்து உட்கார்ந்து காய் பொறுக்கித் தரம் பிரித்த தாய்மார்களுக்கு ஏறியதா? விலை இறங்கியதும், கட்டவில்லை என்ற பேச்சு மட்டும் உடனே வந்துவிட்டது. ஏற்றம் ஒருவருக்கு, இறக்கம் இன்னொருவருக்கு என்றால் அது என்ன கணக்கு?

பிரான்சிலும் விவசாயிகளின் சங்கம் தொழிலாளிக்குத் தானாகக் கூலி உயர்த்திக் கொடுக்கவில்லை. 1904-ல் தெற்குப் பிரான்சின் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் கிராமம் கிராமமாக வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலிச் சண்டையை அவர்களே போட வேண்டியிருந்தது. இன்றும் அங்கே எல்லாம் ஒழுங்காகிவிடவில்லை. 2023 செப்டம்பரில் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் கடும் வெயிலில் அறுவடைக்கு வந்த தொழிலாளர் சிலர் உயிரிழந்தார்கள். விடியுமுன் போடிமெட்டு ஏறும் ஜீப்பில் நெருக்கியடித்துப் போய்வரும் உங்களுக்கு அந்தச் சாவின் அர்த்தம் புரியும்.

ஆகவே நாம் சொல்வது இரண்டு காரியம். சிறு விவசாயி நமக்கு எதிரியல்ல. அவருக்குப் பொது ஸ்டோரும், பொதுத் தராசும், கொஞ்சநாள் சரக்கை வைத்திருக்க முன்பணமும் வேண்டும் என்று அவரோடு சேர்ந்து நாமும் கேட்போம். ஆலைத் தொழிலாளரின் பண்டகசாலை அவர் சரக்கை நேராக வாங்கட்டும். அதே சமயம், அப்படி எழும் எந்தச் சங்கத்தின் விதியிலும் காய் எடுப்பவர் கூலியும், மலைக்குப் போய்வரப் பத்திரமான வண்டியும், விலை ஏறும்போது கூலிக்கு உரிய பங்கும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

அந்த விதியை எழுதும் நாளில் நமக்காக வேறொருவர் போய் உட்காரக் கூடாது. காய் எடுக்கிற தாய்மார்களே அங்கே உட்கார வேண்டும். அதற்கு நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும். இங்கே வந்திருப்பவர்கள் இன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். நாளைக் காலை ஜீப்பில் ஏறியதும் பக்கத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்லுங்கள். மலை ஏறி முடிப்பதற்குள் சொல்லி முடிக்கலாம்.