கடைசிக் கம்பத்தின் கணக்கு

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசுற இடத்துல மின்கம்பியைப் பத்திப் பேச என்ன இருக்குன்னு சிலர் நினைக்கலாம். தண்ணி, ரோடு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் ஊருக்குப் போய்விட்டு மிச்சம்தான் சேரிக்கு வருகிறது என்று நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கரண்டும் அந்த வரிசையில்தான் வருகிறது. நான் மின்பொறியியல் படித்தவன். எனவே இந்த வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

துணை மின்நிலையத்திலிருந்து 11 கே.வி. லைன் மரம் மாதிரி கிளை பிரிந்து போகிறது. இதைப் பீடர் என்பார்கள். டிரான்ஸ்பார்மரில் அது வீட்டுக்கான 230 வோல்ட்டாக இறங்குகிறது. போகப் போகக் கம்பியின் தடையால் வோல்டேஜ் குறையும். முதல் கம்பத்துக்காரனுக்கு முழுசு. கடைசிக் கம்பத்துக்காரனுக்கு மிச்சம். நான் பார்த்த பல ஊர்களில் டிரான்ஸ்பார்மர் ஊர்த்தெருவில் நிற்கிறது, கடைசிக் கம்பம் காலனியில் நிற்கிறது. பொழுது சாய்ஞ்சா அங்க பேன் சுத்தாது. கம்பிக்குச் சாதி தெரியாதுதான். கம்பத்தை எங்கே நடுவது என்று முடிவு செய்தவருக்குத் தெரியும்.

இப்போது சூரிய மின்சாரம் வந்திருக்கிறது. பயன்படுத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே உற்பத்தி செய்தால் கரண்ட் நெடுந்தூரம் வர வேண்டியதில்லை. கம்பியில் ஓடும் மின்னோட்டம் பாதியானால், சூடாகி வீணாவது கால்வாசி ஆகிவிடும். ஆகவே எங்கே வைப்பது என்பதே பெரிய ஆராய்ச்சி. 'உகந்த இடம்' என்று அவர்கள் சொல்கிறார்கள். யாருக்கு உகந்த இடம்? இதுதான் நம் கேள்வி.

ஆய்வாளர்கள் பலரும் கணக்குப் போட்டுப் பார்க்கிற ஒரு மாதிரி பீடர் உண்டு. பாரன், வூ என்ற இருவர் 1989ல் வெளியிட்டது. அதில் கம்பிகள் சந்திக்கிற கணுக்கள் 33. மொத்தத் தேவை 3715 கிலோவாட். வழியில் வீணாவது சுமார் 203 கிலோவாட். ஒரு கிளையின் கடைசியில் இருக்கிற 18வது கணுவில், 100 இருக்க வேண்டிய வோல்டேஜ் 91தான்.

"மொத்த இழப்பைக் குறை, ஒரே நிலையம்தான்" என்று கணினியிடம் சொன்னால், 6வது கணுவில் சுமார் 2590 கிலோவாட் வை என்கிறது. இழப்பு சுமார் 104க்கு இறங்கிவிடும். பெரிய வெற்றிதான். ஆனா 18வது கணு? 95. அப்பவும் அவன்தான் கடைசி. அதையே மூன்றாகப் பிரித்து 13, 24, 30 ஆகிய கணுக்களில், எல்லாம் சேர்த்து சுமார் 2950 கிலோவாட் வைத்தால், இழப்பு சுமார் 71க்கு வருகிறது. மிகக் குறைந்த வோல்டேஜே ஏறத்தாழ 97. ஒரே இடத்தில் குவிப்பதைவிடப் பரவலாக்குவது மேல் என்பதை அவங்க கணக்கே சொல்லுது!

கணினி கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். கேள்வியில் கடைசி ஆள் இல்லையென்றால் விடையிலும் இருக்க மாட்டான்.

கடைசியில வச்சுட்டா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல. சாயங்காலம் சூரியன் இருக்காது. விளக்குப் போடுகிற நேரத்துக்குப் பேட்டரி வேண்டும். அளவுக்கு மீறி வைத்தால் மத்தியானம் வோல்டேஜ் எகிறும். இதையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியும். சேர்க்கச் சொல்ல ஆள் வேண்டும்.

கணக்கில் வராத இன்னொன்று நிலம். 2019ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த பி.எம். குசும் திட்டத்தின் ஒரு பிரிவு, துணை மின்நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையான நிலையங்களுக்கு முன்னுரிமை தந்தது. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். நிலம் உள்ளவருக்கு வருமானம், இல்லாதவருக்கு என்ன? 2024ல் வந்த கூரை சூரிய மின்திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதற்கும் தகுந்த கூரையுள்ள சொந்த வீடு வேண்டும். வரைபடத்தில் 'தரிசு' என்று எழுதியிருப்பது நம்மாளுங்க ஆடு மாடு மேய்க்கிற இடமா? 1892ல் நமக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலமா? இதை எந்தக் கணினியும் கேட்காது. நாம்தான் கேட்டாக வேண்டும்.

இது நமக்குப் புதிய அக்கறை அல்ல. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கரின் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவில் பேசியபோது, மின்சாரம் எதற்கு என்ற கேள்வியை அவர் எழுப்பினார். மக்களை வறுமையிலிருந்து மீட்கத் தொழில் வளர வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும் என்பது அவர் நிலை. நோக்கத்தை முதலில் கேட்டார். நாமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்க காலனியில் கடைசி வீட்டு பிளக்கில் செருகுகிற வோல்டேஜ் மீட்டர் ஒன்றை வையுங்கள். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் இன்னொன்று. தினம் மாலை 7 மணிக்கும் 9 மணிக்கும், ஒரு மாதம், ரெண்டையும் நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு கிராமசபைக்கும் மின்வாரிய அலுவலகத்துக்கும் போவோம். சூரிய மின்நிலையம் வருகிறதென்றால் இடம் குறிப்பதற்கு முன்பே மூன்று கேள்விகள் கேட்போம்: கடைசிக் கம்பத்தில் எத்தனை வோல்ட் கூடும்? நிலம் யாருடையது? வருகிற காசில் நிலமில்லாதவர் கூட்டுறவுக்கு எவ்வளவு பங்கு?