குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாக்கு

கொழும்பில் ஒருகொடவத்தைக்குக் கிட்ட இருக்கிற மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் மாண்டார்கள், பிள்ளைகளும்தான். அந்த மேடு வேண்டாமென்று ஊர்ச்சனம் வருடக்கணக்காகப் போராடியிருந்தது. யார் காதில் விழுந்தது?

ஊர்க்குரல் சபைக்குள் போக ஒரு வழி வந்தது: 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில், வேட்பாளர் பட்டியலில் 25 வீதம் இளைஞர்களுக்கு என்று சட்டமே சொன்னது. நல்ல காரியம். ஆனால் குப்பை எங்கே போகும், கான் எப்போது துப்புரவாகும் என்று பேசுகிற சபைகளின் சுற்றாடல் ஆலோசனைக் குழுக்களிலும் அவர்களுக்கு ஆசனம் வேண்டும். கருத்துச் சொல்லிவிட்டு எழும்பி வருவதற்கல்ல, வாக்களிப்பதற்கு. முழங்கால் வெள்ளத்தில் புத்தகப்பையைத் தலையில் வைத்து நடந்து வளர்ந்த பிள்ளைக்கு, எந்தக் கான் எங்கே அடைபட்டிருக்கிறதென்று நன்றாகத் தெரியும். கொழும்பு மாநகர சபையும் கொலன்னாவை நகர சபையும் இதை இந்த வருடமே தொடங்கட்டும்.