நல்ல தாய்க்கொடி, நல்ல மிளகு நாற்று
(மலைத்தோட்ட உழவர் பயிற்சியில் நிகழ்த்திய உரை)



மிளகு நாற்றுகளை வெளியே விலைக்கு வாங்காமல், வீட்டருகிலேயே தண்டுத் துண்டுகளை வேர்விடச் செய்து தயாரிக்கும் முறையைப் பற்றி இன்று சொல்லப்போகிறேன். இதற்குப் பெரிய செலவு இல்லை. கூரான கத்தி, பாலித்தீன் பைகள், மண், மணல், தொழு உரம், நல்ல நிழல் ஆகியவை போதும்.

முறை எளிதாக இருப்பதால் பலர் கையில் கிடைத்த கொடியை வெட்டி நட்டுவிடுகிறார்கள். நெல் விதை பழுதானால் சில நாட்களில் தெரிந்துவிடும், மறுபடி விதைக்கலாம். மிளகு நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய்ப்புக்கு வரும். கொடி சரியில்லை என்று அப்போது தெரிந்து என்ன பயன்? மூன்று ஆண்டு உரமும் உழைப்பும் போனது போனதுதான். ஆகவே கத்தியை எடுக்கும் முன் தாய்க்கொடியைப் பாருங்கள்.

விதையிலிருந்து வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். விதைக்கன்று தாயைப் போல அமையாது. கேரளத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட பன்னியூர் 1 இரண்டு இரகங்களை ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய வீரிய இரகம். அதன் விதையை முளைக்க வைத்தால் குணங்கள் சிதறிவிடும். தண்டுத் துண்டோ தாயின் குணத்தை அப்படியே கொண்டுவரும். நல்ல குணம் வருவது போலத் தாயிடம் உள்ள நோயும் கூடவே வரும் என்பதை மறக்கக் கூடாது.

தாய்க்கொடியை அறுவடைக் காலத்திலேயே தேர்ந்தெடுங்கள். துண்டு வெட்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சரம் இருக்காது. எது நன்றாகக் காய்த்தது என்பதும் நினைவில் நிற்காது. 5 முதல் 12 வயதுக்குட்பட்டு, ஆண்டுதோறும் தவறாமல் காய்த்து, நீண்ட சரங்களில் நெருக்கமாக மணி பிடித்த கொடிகளின் படர்மரத்தில் வர்ணம் பூசி அடையாளம் இடுங்கள். இலை சிறுத்து, குறுகி, மஞ்சள் திட்டுகளுடன் கணுக்கள் நெருங்கி நிற்கும் கொடியைத் தொடவேண்டாம். அது நச்சுயிரி நோய்; அதற்கு மருந்து இல்லை. வாடல் நோயால் கொடிகள் மடிந்த இடத்தில் பச்சையாக நிற்கும் கொடியும் ஆகாது.

எந்தத் தண்டை எடுப்பது? பக்கவாட்டில் சரம் விடும் கிளையை வேர்விடச் செய்தால் மரத்தில் ஏறாத புதர் மிளகுதான் கிடைக்கும். தொட்டியில் வளர்க்க அது நல்லது; தோட்டத்துக்கு ஏற்றதல்ல. கொடியின் அடியிலிருந்து தரையில் ஓடும் ஓடுதண்டுகளே நமக்கு வேண்டும். அவற்றைத் தரையில் படரவிட்டால் கணுக்கள் மண்ணில் வேர்விட்டு, மண்ணிலுள்ள பூசணமும் தொற்றும். அதனால் கொடியடியில் குச்சிகளை ஊன்றி, அவற்றின்மேல் ஓடுதண்டுகளைச் சுருட்டி வையுங்கள்.

வெட்டிய ஓடுதண்டின் இளநுனியையும் முற்றிய அடிப்பகுதியையும் நீக்கிவிட்டு, நடுப்பகுதியை 2 அல்லது 3 கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்குங்கள். இலையைக் கிள்ளிவிட்டுக் காம்பில் சிறிது விட்டுவையுங்கள். ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடிக்குப் போகும்போது கத்தியைக் கழுவிக்கொள்ளுங்கள். இண்டோல் பியூட்டிரிக் அமிலம் என்ற வேரூக்கி கிடைத்தால், ஆயிரம் பி.பி.எம். கரைசலில் துண்டின் அடியை 45 விநாடி நனைத்து நடலாம். வேர் நன்கு பிடிக்கும்.

வளமான மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து, அடியில் துளையிட்ட பைகளில் நிரப்புங்கள். வாடல் வந்த தோட்டத்து மண்ணை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி துண்டுகளை நட்டு, மண்ணை விரலால் அழுத்திவிடுங்கள். பைகளை நிழலில் வைத்துப் பூவாளியால் நீர் தெளியுங்கள். ஈரம் இருக்கவேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது.

வீட்டு நாற்றங்காலில் பெரும்பாலும் கெடுதல் வருவது தண்ணீராலேதான். பைட்டோப்தோரா என்னும் பூசணம் தேங்கிய நீரிலும், மண்ணிலிருந்து தெறிக்கும் துளிகளிலும் பரவுகிறது. இலையில் கரும்புள்ளி கண்டாலும் தண்டு அழுகினாலும் அந்தப் பையை மண்ணோடு அகற்றித் தூரத்தில் புதைத்துவிடுங்கள். ஒரு நாற்றுக்கு இரக்கப்பட்டால் நூறு நாற்று போகும். மற்றவற்றுக்கு 1 சத போர்டோ கலவை தெளியுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கவேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் சிறிது சேருங்கள். இதற்கு மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது.

மூன்று, நான்கு மாதங்களில் நாற்றுகள் நன்கு வேர்பிடித்துவிடும். சூன், சூலையில் மழை பிடித்ததும் படர்மரத்தருகே நடலாம். அப்போதும் எல்லாவற்றையும் நட்டுவிடவேண்டாம். நோஞ்சான் நாற்று, இலை சுருங்கிய நாற்று, தண்டு கறுத்த நாற்று ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள். அண்டை வீட்டார் கேட்டால் நல்ல நாற்றையே கொடுங்கள். நோய் நாற்றைக் கொடுத்தால் அந்த நோய் வேலி தாண்டி நம்மிடமே திரும்பி வரும்.

வரும் அறுவடையின்போது சரம் பறிக்க ஏணியில் ஏறும் நாளிலேயே வர்ண டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். நல்ல கொடியைக் கண்ட இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோடு போடாமல் மார்ச்சு மாதம் கத்தியை எடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.